நடுவில் டிரம்ஸ்

எங்கள் பேண்டில் மூன்று பேர்.
மேடையில் பார்த்தவர்கள் ஒருவன் என்பார்கள்.
அந்த ஒருவன் நான்.
மற்ற இருவரையும் லேப்டாப்பில் கொண்டுபோய்
ஸ்டூல்மேல் வைத்து
பொத்தானை அழுத்திவிட்டு அடிக்க உட்காருவேன்.
காலேஜ் விழாவில் ஒரு பையன் கேட்டான்:
"அண்ணா, அந்தக் குரல் உயிரோட இருக்குதா?"
இருக்கிறது, கழிஞ்சூரில்.
இந்நேரம் துணி அலசிக்கொண்டிருக்கும்.

எப்சிபாவுக்குப் பாட்டு என்பது தும்மல்.
குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள்
பல்லவி, சரணம், கீபோர்டு எல்லாம் முடிந்து
எனக்கு வந்துவிடும்.
அவள் போனில் அழித்தும் ஆகியிருக்கும்.
"நேத்து அனுப்பினது நல்லா இருந்துச்சு" என்றால்
"எது?" என்பாள்.
நடிப்பில்லை.
ஒருமுறை ஷேர் ஆட்டோவில் அவள் பாட்டே ஓடியது.
பாதி வழியில் இறங்கிக்கொண்டாள்,
முழுக் காசையும் கொடுத்துவிட்டு.

தஸ்தகீர் பாபுராவ் தெருவில்,
மாமாவின் லாட்ஜில், மூன்றாம் மாடி.
வாசல் பலகை முழுக்க வங்காள எழுத்து.
ஆபரேஷனுக்கு நாள் கிடைக்காதவர்கள்
ஸ்டவ்வில் மீன் குழம்பு வைக்கிற வராந்தாவைத் தாண்டினால்
அவன் கதவு.
தட்டினால் திறக்காது. மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், இரண்டு.
பேஸ் கிடாரில் ஒரே ஒரு சுரத்தைத்
தை மாதம் தொடங்கினான்.
ஆடியிலும் "இன்னும் வரல பாய்" என்றான்.
பக்கத்து அறையில் யாராவது அழுதால்
ஹெட்போனைக் கழற்றிவிடுவான்.
அவர்கள் ஓயும்வரை சும்மா இருந்துவிட்டு
மறுபடி முதலிலிருந்து.
ஒரு பாட்டுக்கு முப்பத்தெட்டு வடிவம்,
முப்பத்தெட்டுக்கும் தேதி போட்டு வைத்திருக்கிறான்.
என் காதுக்கு எல்லாம் ஒன்றுதான்.
அதை அவனிடம் சொன்னதில்லை.

இருவருக்கும் நடுவே
என் டிவிஎஸ், ஒரு பென் டிரைவ், பாலாற்றுப் பாலம்.
பகல் முழுக்க ராணிப்பேட்டையில்
தோல் கெமிக்கலுக்கு பில் போட்டுவிட்டு
இரவில் அவள் அவசரத்தை அவனிடம் கொண்டுபோவேன்.
"அவங்க பாட்டு வாசல்லயே நிக்குது,
உள்ள வரச் சொல்லு" என்பான்.
அவனுடையதைக் கொண்டுவந்தால்
அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.
பதினோராவது நொடியில் நிறுத்திவிட்டு
காபி வேண்டுமா என்பாள்.

இரண்டு வருடம். ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

போன ஐப்பசியில் ஒரு விடிகாலை
பாலாற்றில் தண்ணீர் வந்தது.
மணலையே ஆறென்று நம்பிய ஊர்
வாயில் பிரஷ்ஷோடு பாலத்துக்கு ஓடியது.
பஸ் நகரவில்லை. லாரி நகரவில்லை.
செம்மண் தண்ணீரில்
ஒரு கயிற்றுக் கட்டில் போயிற்று,
யாரோ அதற்குக் கைதட்டினார்கள்.
எல்லாக் கண்ணும் ஆற்றின்மேல்.
மனிதரைப் பார்க்க ஒருவருமில்லை.
அதனால்தான் வந்திருப்பார்கள்போல:
கைப்பிடிச் சுவரோரம் எப்சிபா,
நைட்டிமேல் துப்பட்டா, நீட்டிய கையில் போன்.
எட்டடி தள்ளி தஸ்தகீர்,
குரங்குக் குல்லா, மூடிய கண், கையில் ரெக்கார்டர்.
இடையில் டீ கேன் கட்டிய ஒரு சைக்கிள்.

கூப்பிட வாயெடுத்தேன்.
கை முந்திக்கொண்டு ஹாரனை அழுத்திவிட்டது.
இருவருமே திரும்பவில்லை.

அன்று மாலை இரண்டு கோப்புகள்.
அவளுடையது ஒன்பது நொடி.
அவனுடையது ஒரு மணி ஐம்பது நிமிடம்,
"ஆரம்பம் மட்டும்" என்ற குறிப்போடு.

ஒன்றின்மேல் ஒன்றை வைக்க
எதைப் பிடிப்பது என்று தேடினால்
இரண்டிலும் கிடந்தது,
தொண்டை கட்டிய என் டிவிஎஸ்ஸின் ஹாரன்.
அதை அதன்மேல் பொருத்தினேன்.
ஒன்பது நொடிக்கு
ஆறு இரு காதிலும் ஓடியது.
பிறகு அவள் கிளம்பிவிட்டாள்,
அவன் நின்றுகொண்டிருந்தான்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால்
"எது?" என்பாள் அவள்.
அவன் ஹாரனை எடுத்துவிடச் சொல்வான்.