பதினான்கு, பதினான்கு அ

இரவு பதினொன்றே காலுக்கு
நிலம் ஒருமுறை தோளைக் குலுக்கியது.
அவ்வளவுதான்.
குரோனிங்கனுக்கு வடக்கே, அடியிலிருந்த எரிவாயுவை
உறிஞ்சிக் கொடுத்துவிட்ட வயல்களின் மேல்
அலமாரிக் கோப்பைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
ஒரு பசு எழுந்து நின்று, மறுபடி படுத்தது.

ஒன்பதாம் நாள் காலை நான் வந்தேன்,
விரிசல் அளக்கிறவள்.
கோடு போட்ட கண்ணாடித்தாள், பென்சில், கைவிளக்கு.

ஒரே பண்ணைவீடு, இரண்டு கதவு.
பதினான்கில் வுப்போ.
பதினான்கு அ-வில் அவர் தங்கை ட்ரீன்ச்சே.
பாகம் பிரித்து இருபத்தோரு வருடம்.
நடுச்சுவர் பொது.
பேச்சு இல்லை.

முதலில் அவர் பக்கம்.
பிரித்த அந்தக் கோடையிலேயே
பழைய காரையை விரலாழத்துக்குச் சுரண்டி
இடுக்கெல்லாம் சிமென்ட் திணித்தாராம்.
"ஆணி இறங்காது, பாருங்கள்."
கரணைப் பிடியால் தட்டிக் காட்டினார்.
உண்மைதான்.
இணைப்பு எதுவும் இம்மி அசையவில்லை.
ஜன்னல் மூலையில் தொடங்கிய விரிசல்
வேறு வழி கிடைக்காமல்
கல் கல்லாகப் பிளந்துகொண்டு இறங்கியிருந்தது.
முப்பத்தேழு எண்ணினேன்.
சுட்ட நாளிலிருந்து வெளிச்சம் பார்க்காத
உட்சிவப்பு
தொட்டால் ஈரம்.
குடித்த மழையைத் திருப்பிக் கொடுக்க வாசல் இல்லாமல்
பனியில் உறைந்து
முகம் உரிந்த கற்கள் வேறு, கீழ்வரி நெடுக.

அவள் பக்கம் சுவருக்கு ஒன்றுமே செய்யவில்லை.
காசில்லை என்றாள்,
ஏதோ நான் அபராதம் போட வந்தவள் போல.
அங்கேயும் விரிசல். அகலம்கூட அதிகம்.
ஆனால் படிக்கட்டு இறங்குவதுபோல்
ஒரு கல்லின் தலையைச் சுற்றி, அடுத்ததன் தோளைச் சுற்றி,
கிடைத்த இடுக்கில் எல்லாம் நுழைந்து நுழைந்து
தரைக்கு வந்திருந்தது.
ஒரு கல் உடையவில்லை.
என் கையில் உதிர்ந்தது காரை மட்டும்.
மாவு போன்ற அதில்
நகத்தளவு கிளிஞ்சல், சரியாக வேகாதது.

இந்தக் கரையில் செங்கல்லும் கடல்தான்,
கடல் விட்டுப்போன களிமண்.
சுண்ணாம்பும் கடல்தான், அள்ளி வந்து சுட்ட கிளிஞ்சல்.
தனித்தனிச் சூளையில் வெந்து
சாரத்தின் மேல் மறுபடி சந்தித்தவை.
சந்திக்கும் முன்பு கல்லை வாளியில் முக்க வேண்டும்.
தாகத்தோடு வைத்தால்
காரையின் தண்ணீரை எல்லாம் அதுவே குடித்துவிட்டு
பக்கத்தில் வெறும் தூளை வைத்துக்கொண்டு நிற்கும்.
பாரம் கல்லின் கணக்கு.
ஒன்று உப்பல், ஒன்று கோணல், ஒன்று ஓரம் கருகல்,
அந்தப் பிசகெல்லாம் காரையின் கணக்கு.
கட்டியவன் அதைக் கல்லைவிட மெத்தென்றுதான் குழைத்தான்.
உடைகிற நாள் வந்தால்
உடையவேண்டியது எது என்று
அவன் அன்றைக்கே முடிவு செய்திருந்தான்.

இதை எழுதப் படிவத்தில் இடமில்லை.
"இணைப்பில்", "கல்லில்",
இரண்டு கட்டம்தான்.

கடைசியாக நடுச்சுவர்.
வுப்போவின் அடுப்படியில் குனிந்து
விரிசலில் விளக்கைக் காட்டினேன்.
ஒளி போனது, திரும்பவில்லை.
அந்தப் பக்கத்திலிருந்து வாசனை வந்தது.
அவர் மூக்கை உறிஞ்சினார்.
"வெங்காயம் கருகுது.
அவளிடம் சொல்லுங்கள்."
"கேட்டிருக்கும்" என்றேன்.

வாணலியில் கரண்டி சுரண்டும் சத்தம்.
நின்றது.
பிறகு சுவருக்குள்ளிருந்து, மெதுவாக:
"வெங்காயம் இல்லை. வெண்ணெய்."

அவர் என்னைப் பார்த்தார்.
நான் கண்ணாடித்தாளைச் சுவரில் வைத்து
பென்சிலால் எழுதினேன்:
நான்கு மில்லிமீட்டர்.
இப்புறமிருந்து அப்புறம் வரை.