முதல் நூறு பெட்டிகள்

வெள்ளி நள்ளிரவு வரைதான் அந்த விலை.
அப்புறம் நாற்பது விழுக்காடு கூடுமாம்.
படத்துக்குக் கீழே ஒரு கடிகாரம்
பின்னோக்கி ஓடுகிறது.
ரேடியோ என்கிறார்கள். பார்த்தால் செங்கல்லில் பாதி.
குமிழ் கிடையாது. ஒரு சில்லு, ஒரு குட்டி மின்விசிறி,
மீதியெல்லாம் மென்பொருள்.
அதிலும் பாதி
அடுத்த பதிப்பில்தான் வரும்.

புன்டா அரேனாஸ், ஜூலை.
ஐந்தரைக்கே விளக்கு போட வேண்டும்.
துறைமுகத்தில் குளிர்பதனக் கன்டெய்னர்களைப் பழுது பார்க்கிறேன்:
இந்த ஊரிலும்
குளிர் குறையாமல் பார்த்துக்கொள்ள
ஒருத்திக்குச் சம்பளம் தருகிறார்கள்.
அதில் மிச்சம் பிடித்த பணம் உறைக்குள் இருக்கிறது.
உறைமேல் என் கையெழுத்தில்: வேன், நான்கு டயர், ஆணி வைத்தது.

கூடப் பிறந்தவன் த்ராகோவிடம் கேட்டேன்.
"டயர்" என்றான். சூப்பை நிறுத்தவில்லை.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து.
சரி,
இது பந்தியா படையா?
அதைச் சொல்லாமல் போய்விட்டார்களே.

இருக்கிற பழைய ரேடியோ கெட்டுப்போயிருந்தால்
யோசனையே இல்லை.
அது கெடவில்லை.
சூடேறும்வரை இருபது நிமிடம் அலைவரிசை நழுவும்,
அவ்வளவுதான். நானும் கூடவே
குமிழைத் திருப்பிக்கொண்டு பின்னால் போவேன்,
அவிழ்த்துக்கொண்ட கன்றுக்குப் பின்னால் போவதுபோல.

வியாழன் இரவு, எண்பது மீட்டரில்
ஒரு மோர்ஸ்.
பெயர் சொல்லுமுன்பே தெரிந்தது.
'ஆர்' எழுத்தின் நடுக்கோட்டைக் கொஞ்சம் இழுப்பவன்
நீரிணைக்கு அந்தக் கரையில் ஒருவன்தான்:
போர்வெனிர், எலெயுதேரியோ மன்சிய்யா.
ஆனால் இன்று அவனோடு இன்னொன்றும் வந்தது.
அவன் வைக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும்
இரண்டு கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒரு டிக்.
பக்கத்து வீட்டில் ஆணி அடித்தால்
நம் சுவரில் படம் ஆடுமே, அப்படி.

என்ன ரேடியோ, என்று கேட்டேன்.
புதுசு. முதல் நூறில் பதினேழாவது.
பெருமையாகத்தான் அடித்தான்.
அந்தப் பெருமையும்
டிக் டிக்கென்று அக்கம்பக்கமெல்லாம் தெறித்தது.
சொல்லலாமா என்று யோசித்தேன்.
சொன்னேன்.
நீண்ட அமைதி.
அவன் குறட்டை அவனுக்கெப்படிக் கேட்கும்?

வெள்ளி. காற்று நூறைத் தாண்டி, படகு ஓடவில்லை.
ஒன்பது மணிக்கு அழைத்தான்.
புது ஃபர்ம்வேர் ஏற்றியிருக்கிறேன், கேள்.
கேட்டேன். இன்னும் இருக்கிறது.
எழும்பும் நேரத்தை ஐந்து மில்லிநொடியாக்கு.
இப்போது?
பாதி குறைந்தது.
ஆறு?
மேலே போய்க் கேட்டேன், கீழே வந்து கேட்டேன்,
என் பழைய குமிழ் தேய்த்துத் தேய்த்து வழுக்கியது.
இருக்கிறது, தூரத்தில்.
எட்டு.
இப்போது?

இப்போது நீ மட்டும், என்று அடித்தேன்.

எண்களையெல்லாம் எழுதிச் செய்தவர்களுக்கே அனுப்பினான்.
கண்டுபிடித்தவர்: மிர்தா இவெலிச்.
அதில் என் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தான்.

நிமிர்ந்து பார்த்தால் பன்னிரண்டு இருபத்தாறு.
கடிகாரம் இருந்த இடத்தில்
புதிய விலை.

சனிக்கிழமை டயர் கடை.
ஆணியே இல்லாமல் பனியைப் பிடிக்கும் ரகம் ஒன்று
இந்த வாரம்தான் இறங்கியிருக்கிறது என்றார்.
ஒரு குளிர்காலம் போகட்டும்,
யாராவது ஓட்டிப் பார்க்கட்டும், என்றேன்.
சொன்ன வாய் மூடுமுன்
அந்த இழுத்த நடுக்கோடு காதில் கேட்டது.
கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.
ஆணி வைத்ததையே வாங்கினேன்.

இரவு அழைப்பு.
அடுத்த பதிப்பு வந்துவிட்டது. டிக் இல்லையாம்,
மின்விசிறிதான் நிற்கவே மாட்டேன் என்கிறதாம்.
இருக்கிறாயா?

இருபது நிமிடம் கொடு, என்றேன்.
என்னுடையது
சூடேற வேண்டும்.