இடக்கை முடிச்சு

முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
பழைய இரும்பு என்றுதான் எடை போட்டார்கள் பரமக்குடியில்.
பக்கவாட்டில் 'அமிர்தசரஸ்' என்று வார்ப்பெழுத்து,
ஒரு கைப்பிடி, ஓர் உருளை,
உருளை ஓட இரண்டு தண்டவாளம்.
திரும்பிவரும் ஐஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்
பாம்பனுக்கு.
பாலத்தில் காற்று வண்டியை அசைத்தது,
இதை அசைக்க முடியவில்லை.

ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறவளுக்கு
அச்சாபீஸ் எதுக்கு கித்தேரி, என்றார்கள்.
கல்யாணப் பத்திரிகை அடிப்பியா,
திருவிழா நோட்டீஸ் அடிப்பியா?
என்னிடம் ஓர் எழுத்துகூடக் கிடையாது.
மை இருந்தது, கறுப்பில் இரண்டு டப்பா.

முதலில் நாக்குமீன்.
தட்டையாய் இருக்கிறதே, தோதாய் விழும் என்று.
உருளை ஏறியதும் குடல் விழுந்தது தாளில்.
மூன்று நாள் எந்திரத்தடியிலேயே
குடியிருந்தன பூனைகள்.
அப்புறம் உப்பில் காய்ந்த காரல். முள் மட்டும் வந்தது.
அப்புறம் கட்டக்கோரைப் பாசி,
ஈரம் பிழிந்து, பழைய டெலிபோன் டைரக்டரிக்குள்
இரண்டு நாள் ஒடுக்கி வைத்தது.
அது வந்தது,
நரம்பு நரம்பாய், குமிழ் குமிழாய்.
ஓரத்தில் என் பேரை எழுதப் போய்
எழுதாமல் விட்டேன்.

கச்சான் காலத்தில் மை தோல் கட்டும்,
ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விடணும்.
வாடையில் தாளே நீர் குடித்துக்கொண்டு நிற்கும்.
துருவுக்கு மட்டும்
எந்தக் காற்றும் பிடிக்கும்.

பிறகு ஒரு நாள் தெற்குவாடிக் கரையில் கிடந்த
நண்டு வலைத் துண்டு, ஒரு முழம்.
மை பூசி, விரித்து, தாள் போட்டு இழுத்தேன்.

ஐஸ் பாக்கி தர வந்த சந்தியாகு
தாளைப் பார்த்தான். அழகு என்று சொல்லவில்லை.
"இந்த எடத்துல மூணு கண்ணு அந்து கெடக்கு."
என் காதில் செருகிய பென்சிலை உருவி
தாளிலேயே கட்ட ஆரம்பித்தான்.
கண்ணுக்குக் கண் அளவு பிசகவில்லை.
மூன்றாவது முடிச்சுக்குப் பக்கத்தில் பென்சில் நின்றது.
"இது எடக்கைக்காரன் கட்டுன வலை."

எனக்குத் தெரிந்து இந்தக் கரையில்
இடக்கையால் வலை கட்டுகிறவன் ஒருத்தன்தான்.
இன்னாசி. இவன் தம்பி.
வள்ளத்தில் பங்கு பிரித்த நாளிலிருந்து
ஏழு வருஷம். ஒரே கோயில்.
இவனுக்கு முதல் பூசை, அவனுக்கு இரண்டாம் பூசை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன்:
"அச்சு எதையும் திருப்பித்தான் போடும்.
வலது இடதாகும், இடது வலதாகும்."

தன் வலது கையை விரித்துப் பார்த்தான்.
தாளைப் பார்த்தான். உருளையைப் பார்த்தான்,
மீனைத் தின்றுவிட்டு முழிக்கும் பூனையைப் பார்க்கிற மாதிரி.
"அப்ப இது நான் கட்டுனதா?"
"இருக்கலாம்."
"அப்ப அவன் கட்டுனத இதுல குடுத்தா
என் கை மாதிரி வருமா?"
"வரும்."

மறுநாள் தராசுத் தட்டில் ஒரு வலைத் துண்டு இருந்தது.
கேட்டு வாங்கினானா, ராத்திரி அறுத்துக்கொண்டு வந்தானா,
நான் கேட்கவில்லை.
"ரெண்டையும் ஒரே தாள்ல அடி.
தாள் ரெண்டு வேணும்."
கைப்பிடியை அவனே இழுத்தான்.
நங்கூரம் இழுத்துப் பழகிய இழுப்பு,
தண்டவாளம் முனகியது.

கொடியில் கிளிப்பு மாட்டித் தொங்கவிட்டேன்.
எது எவன் கட்டியது என்று
அடித்த எனக்கே குழப்பம்.
"காய மூணு நாள் ஆகும்."
"ஞாயித்துக்கெழம வர்றேன்."
"பூசை முடிஞ்சா?"
"ஆமா," என்றவன், வாசல்வரை போய்,
"ரெண்டாம் பூச," என்றான்.

ஐஸ் பாக்கி நானூற்று எண்பது
இன்னும் நோட்டில் அப்படியே நிற்கிறது.