முன்னிருப்பு

மோல்டேயில் நவம்பர் என்றால் மூன்றரைக்கே இருட்டு.
ஜன்னலுக்கு வெளியே ஃபியோர்டு இல்லை,
அது இருந்த இடத்தில் மின்படகின் விளக்குகள்
போவதும் வருவதுமாக.

உள்ளே என் திரையில் அதே படகு
முந்நூற்று நாற்பது பெட்டிகளாகக் கிடக்கிறது.
சாய்தளம், சாய்தளப் பூட்டு, பூட்டின் சென்சார்,
சென்சார் வாய் மூடிவிட்டால் அடிக்க வேண்டிய மணி.
எல்லாம் வெறும் பெயர்ச்சொற்கள்.
எது உயிர் காக்கும், எது காப்பி சூடாக்கும்
பெட்டியின் முகத்தைப் பார்த்தால் தெரியாது.

அதற்குத்தான் ஓட்வாரின் புரொஃபைல்.
மே மாதம் ட்ரான்ட்ஹைமுக்கு வேலை மாறிப் போகுமுன்
ஒற்றைக் கோப்பாக விட்டுப் போனது.
உயிர்க்காப்பு, துணை, வசதி
என்று மூன்றே அடைமொழிகள்.
ஒவ்வொன்றின் கீழும் நிரப்பச் சில கட்டங்கள்.

இறக்கினேன்.
மரவரிசையின் கடைசிக் கிளையில்
ஒரு சின்னம் வந்து உட்கார்ந்தது.
பெட்டிகள் அப்படியே இருந்தன.

"கொண்டுவந்தால் ஆயிற்றா, பொருத்து" என்றாள் ஹெர்டிஸ்,
தன் திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
"கோட்டை வாங்கி அலமாரியில் மாட்டினால்
உனக்குக் குளிர் விடுமா?"

பொருத்தினேன்.
பிறகு இரண்டு நாள்
பெட்டி பெட்டியாக நெற்றியில்
இரட்டைக் கொக்கிகளுக்குள் அடைமொழி எழுதினேன்.
செவ்வாய் மாலை 'சரிபார்' என்று அழுத்தினேன்.
பிழை: சுழியம்.
எங்கும் பச்சை.

ஈவர் வாஃபிளோடு வந்தான், பழுப்புச் சீஸ் வழிய.
"வியாழன் ஆய்வாளர் வரலாம், பயமில்லை."

சும்மா ஒரு பெட்டியைத் திறந்தேன்.
பூட்டின் சென்சார்.
சோதித்தவர்: ஓட்வார்.
சோதனை முடிந்ததா: ஆம்.

இந்த சென்சாரை நாங்கள் வாங்கியதே ஆகஸ்டில்.

அடுத்த பெட்டி. ஓட்வார்.
மணி. ஓட்வார்.
பயணிகள் கூடத்தின் காப்பி இயந்திரம்,
அதையும் ஓட்வார்தான் சோதித்திருக்கிறான்.

தொலைபேசியில் முதலில் சிரித்தான்.
பின்னால் ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.
"முன்னிருப்பு மதிப்பு அது.
சும்மா ஒத்திகை பார்க்கும்போது
ஒவ்வொரு தடவையும் தட்டச்சு செய்ய அலுத்து..."
சிரிப்பு நின்றது.
"அந்த சென்சாரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை."

யாரும் பொய் சொல்லவில்லை.
காலியாக இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு பெயர் முந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது,
அவ்வளவுதான்.

"கழற்றினால் நீ எழுதியதெல்லாம் போய்விடும்" என்றாள் ஹெர்டிஸ்.
இந்த முறை என்னைப் பார்த்துச் சொன்னாள்.
போகட்டும் என்றேன்.
அப்படி நிதானமாகச் சொன்னேனா என்று ஞாபகமில்லை,
வேறு ஏதோ வார்த்தையும் சொன்னேன்.

கழற்றினேன். ஆம்-ஐ அழித்தேன், பெயரை அழித்தேன்.
இரண்டாம் பதிப்பு என்று சேமித்து
மறுபடி இறக்கி, மறுபடி பொருத்தினேன்.
ஹெர்டிஸ் கேட்காமலே தன் நாற்காலியை உருட்டி வந்தாள்,
பாதிப் பட்டியலை அவள் எடுத்துக்கொண்டாள்.
இரவு பதினொன்றுக்குச் 'சரிபார்'.
முந்நூற்று நாற்பது சிவப்பு.

"நேற்று பச்சையாக இருந்ததே" என்றான் ஈவர் காலையில்.
நேற்று யாரும் பார்த்திருக்கவில்லை, ஈவர்.

படகுத்துறையில் பக்கவாட்டில் அடிக்கும் மழை.
மாலுமி கெய்ர்முண்ட் சாய்தளத்தைத் தூக்கிக் காட்டினார்.
டார்ச் வெளிச்சத்தில் பூட்டு,
அதன் கழுத்தில் உப்பு பூத்திருந்தது.
சென்சாரின் கம்பியைப் பிடுங்கினேன்.
மணிக்காகக் காத்திருந்தோம்.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
ஐந்தில் அடித்தது.
"எப்போதும் அப்படித்தான்" என்றார் அவர், "கொஞ்சம் யோசிக்கும்."
ஏட்டில் அதற்கு ஒரு விநாடிதான் இருக்கிறது.

கையுறையைப் பல்லால் கழற்றி
நனைந்த டேப்லெட்டில்
சோதித்தவர் கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.
முடிந்ததா என்ற கட்டத்தில்,
இல்லை.

மீதி முந்நூற்று முப்பத்தொன்பது.
கெய்ர்முண்ட் கேட்கிறார், அடுத்து எது.