நிலாவை ஏற்றுகிறவள்

கவ்னஸ் நகரில் எண்பது இருக்கை கொண்ட ஓர் அரங்கு.
அங்கே நிலாவை ஏற்றுவது என் வேலை.
ஒட்டுப்பலகை நிலா.
கார் வைப்பரிலிருந்து கழற்றிய மோட்டார்
கம்பியைச் சுற்றிச் சுற்றி அதை இழுக்கும்.
தரையிலிருந்து உத்தரம் வரை நான்கு நிமிடம்.
அந்த நான்கு நிமிடமும் ஸ்கைஸ்தே பேசமாட்டாள்,
வராத ஒருவனின் கோப்பையைத்
துடைத்துக்கொண்டிருப்பாள்.

முதல் ஒத்திகையில் நிலா பாடியது.
நொடிக்கு நானூறு முறை
மின்சாரத்தைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.
'உன் நிலாவுக்குள் கொசு' என்றாள்
துணியைக் கீழே வைக்காமல்.

கொசு இல்லை, சுருள்.
ஒவ்வொரு துடிப்புக்கும் இரும்பு சிலிர்க்கிறது,
காது அதைச் சுருதியாகக் கோத்துக்கொள்கிறது.

அன்றிரவே எண்ணை மாற்றினேன்.
நொடிக்குப் பதினெட்டாயிரம்.
அப்படியொரு அமைதி.
நிலாவும் அசையவில்லை.

அதே பன்னிரண்டு வோல்ட், அதே ஆறு சதவீதத் திறப்பு.
ஆனால் மின்னோட்டம் சுருளுக்குள் காலெடுத்து வைக்குமுன்
கதவைச் சாத்திவிடுகிறேன்.
பெரிய பந்தி,
இலைக்கு ஒரு பருக்கை.
குளிரில் இறுகிய பல்சக்கரம்
அதற்கெல்லாம் எழுந்திருக்காது.

திறப்பைக் கூட்டினேன்.
ஏழு, எட்டு, பதினொன்று, ஒன்றுமில்லை.
பதின்மூன்றில் ஒரு முழம் துள்ளிற்று.
விளக்குப் பலகையிலிருந்து வைதோதஸ் கை தட்டினான்.
'கிரீஸ் போடேன்.'
போட்டேன். அரை முழம் துள்ளிற்று.

அந்தக் காட்சிக்கு முன்னால்
ஜன்னலுக்கு வெளியே லாரி ஒன்று போகும் சத்தம் உண்டு,
இரண்டு நொடி.
அதன் அடியில் ஒளித்துவைத்தேன்
நொடிக்குத் தொண்ணூறு என்ற முரட்டுத் துடிப்பை.
தட்டித் தட்டி எழுப்பட்டும்.
புறப்பட்டதும் பதினெட்டாயிரம்.
நகர்வதை நகர்த்தக்
கொஞ்சம் போதும்.

கூலி கொடுப்பது டிரான்சிஸ்டர்.
ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு துளி சூடு,
ஒவ்வொரு சாத்தலுக்கும் ஒரு துளி.
முதுகில் அலுமினியத் தகடு கட்டியும்
விரல் வைத்தால் மூன்று எண்ணுமுன் எடுக்க வேண்டும்.

முதல் நாள் நாடகம்.
நனைந்த கோட்டுகளின் வாசனை.
லாரி போயிற்று.
நிலா ஏறிற்று.
கோப்பையின் மேல் துணி கீச்சிடுவது
கடைசி வரிசைக்குக் கேட்டது.

மூன்றாம் வரிசையில் ஒரு பையன், எட்டு வயதிருக்கும்,
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு
நிலாவையே பார்த்தான்.
அம்மா கையை இழுத்துவிட்டாள்.
அவன் மறுபடி பொத்தினான்.

அரங்கத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.
எனக்கு நாற்பத்தாறு வயது, எனக்கும்தான்.

இருபத்தைந்தாயிரத்துக்கு
அந்த டிரான்சிஸ்டர் தாங்குமா?
காலையில் முதல் வேலை அது.