மூலைகள் எழும் நேரம்

பின்னிரவு மூன்றரை.
ஒரூரோவுக்குத் தெற்கே, நான்காயிரம் மீட்டர் உயரத்தில்
கோக்கா இலைத் தேநீர் ஊற்றும்போதே ஆறிவிடுகிறது.
ஃபவுஸ்தினோ சங்கிலியை இழுத்து நடக்கிறார்
பலகை பலகையாக.
சர்ரென்று போகும் சத்தம்
மூலை வந்ததும் டொக், டொக்.
“இங்கேயும் வெற்று, இஞ்சினியர்.”
சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம்.
இருநூற்றுப் பதினான்காம் பலகைக்கு
நான்கு மூலை, நான்கு வட்டம்.

மூன்று வாரம் பகலில் தட்டிப் பார்த்தோம்.
ஒரு வட்டம்கூட விழவில்லை.
பகலில் எல்லாப் பலகையும் யோக்கியம்.

விரிசல் அடியிலிருந்து ஏறும் என்று காத்திருந்தேன்,
பாடத்தில் அப்படித்தான்.
துளைத்தெடுத்த உருளையில் அது
மேலே அகலம், கீழே நூலிழை.
தலையிலிருந்து இறங்கியிருக்கிறது.

மேல்முகம் குளிர்ந்து சுருங்க
அடிமுகம் நேற்றைய வெயிலை விடாமல் பிடித்திருக்கிறது.
ஒரே உடம்பில் இரண்டு பருவம்.
பலகை கிண்ணமாகிறது.
மூலைகள் தரையை விட்டு எழுகின்றன:
ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை.
நகத்தின் தடிமன்.
அதற்கு நான் போட்ட எண்
ஏதோ கடலோர ஊரின் கையேட்டிலிருந்து எடுத்தது.
இரவும் பகலும் ஒரே சட்டையில் திரியும் ஊர்.

தடிமன் முப்பத்தைந்து போதும் என்றார்கள்,
முப்பத்தெட்டுக்காக இரண்டு மாதம் சண்டையிட்டேன்.
ஜெயித்தேன்.
மூட்டுக்கு மூட்டு ஆறு மீட்டர் என்பதை
யாரும் எதிர்க்கவில்லை,
நானும்தான்.

நான்கு மணிக்கு ஓடுதளத்தை விட்டு விலகி
வண்டிக்குள் உட்கார்ந்தோம்.
நான்கு பத்துக்கு சாந்தா குரூஸிலிருந்து சரக்கு விமானம்.
உள்ளே இருபதாயிரம் கோழிக்குஞ்சுகள்.
காற்று மெலிந்த ஊரில் எதுவும் மெதுவாக இறங்காது.
சக்கரம் மூலையைக் கடந்தபோது
உணரியின் எண் ஒரு கணம் துள்ளி
பழைய இடத்துக்கே வந்தது.
வெளியே ஒன்றும் கேட்கவில்லை.
குஞ்சுகளுக்கும் தெரிந்திருக்காது.

“ஒன்பது மணிக்கு வரச் சொன்னால்?” என்றார் ஃபவுஸ்தினோ.
கேட்டுவிட்டேன். குஞ்சுகள் தாங்காதாம்.

ஆக, அறிக்கையில் எழுதப் போவது:
ஒவ்வொரு பலகையையும் நடுவில் அறுத்துவிடுங்கள்.
தானாகப் பிளக்கும் முன்
நாமே நேர்க்கோட்டில் பிளந்துவிடுவோம்.
நல்ல பலகையை ஏன் வெட்டுகிறாய் என்று கேட்பார்கள்.
மூன்று மீட்டருக்குக் கிண்ணமாக
அவ்வளவு வலு கிடையாது என்பேன்.
பிளவுக்குக் குறுக்கே எஃகுக் கம்பி இல்லையே என்பார்கள்.
அதற்கு இன்னும் பதில் யோசிக்கவில்லை.

வெயில் ஏறுகிறது.
பலகைகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொள்கின்றன.
ஃபவுஸ்தினோ வட்டத்துக்குள் குதிகாலால் தட்டுகிறார்:
திடம்.
மதியம் லா பாஸிலிருந்து ஆய்வாளர் வருவார்,
அவரும் தட்டுவார், என்னைப் பார்ப்பார்.

நாற்காலி ஒன்று, போர்வை இரண்டு
எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.
பின்னிரவு மூன்றரை வரை
அவரை இங்கேயே உட்கார வைக்க வேண்டும்.