இருபத்தோராவது மணித்தியாலம்

பழைய சோனகத் தெருவில்
ஆணியும் பிணைச்சலும் விற்கிற கடையில்
நான் கணக்கெழுதுகிறவன்.
வரவு இடப்பக்கம், செலவு வலப்பக்கம்.
ஒத்துவராவிட்டால்
இரவு எட்டு மணியானாலும்
முதலாளி ஷட்டரை இழுக்கமாட்டார்.

வீட்டில் இன்னொரு கொப்பி இருக்கிறது, மயூரதி.
அதில் உன் மணித்தியாலங்கள்.
திங்கள் நான்கு. புதன் ஐந்து. வெள்ளி ஏழு.
கிழமைக்கு இருபது.
அதற்கு மேல் ஒரு கோப்பை கழுவினாலும் பிழை
என்றான் வெள்ளவத்தை ஏஜென்சிக்காரன்,
லண்டன் பாலத்தை மேசைக் கண்ணாடிக்கடியில்
நசுக்கி வைத்துக்கொண்டு.

இருபத்தெட்டு நாள் உன் பெயரில்
வங்கியில் அசையாமல் கிடந்த காசை
இருபத்தொன்பதாம் நாள்
நகுலேந்திரன் மச்சான் வந்து எடுத்துக்கொண்டு போனார்.
தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

உன் கொடி செட்டியார் தெருவில்
இலக்கம் போட்ட ஓர் உறைக்குள் இருக்கிறது.
அதன் வட்டிக்கு விசா இல்லை.
கிழமையில் நூற்றி அறுபத்தெட்டு மணியும்
அது வேலை செய்கிறது.

பெற்றோல் செட் வைத்திருக்கிற யாரோ ஓர் அண்ணை
"கையில தாறன் தங்கச்சி,
ஒருத்தருக்கும் தெரியவராது" என்றாராம்.
என்ன செய்ய என்று கேட்டாய்.
நான் உடனே வேண்டாமென்று சொல்லவில்லை.
இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன்.
அந்த இரண்டு நாளை
இதுவரை நீ சொல்லிக்காட்டியதில்லை.

ஒக்டோபர் கடைசிச் சனி.
பாண் தொழிற்சாலையில் உனக்கு
இரவு பத்திலிருந்து இரண்டு வரை.
பதினாறோடு நான்கு, சரியாக இருபது.
முன்கூட்டியே எழுதிவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு காலை, ஆறரை தாண்டி.
கடலோரம் தெஹிவளைப் பக்கம் போகிற ரயில்
உன் முதல் வசனத்தை விழுங்கிவிட்டது.
"கேக்குதா? இஞ்ச ரெண்டு மணியாகேக்க
திருப்பி ஒண்டாக்கிப்போட்டாங்கள்."

மேற்பார்வைக்காரி சுவரைக் காட்டினாளாம்:
பார், இன்னும் ஒரு மணி கிடக்கிறது.
நீ சொன்னாயாம்:
நான் நான்கு மணி நின்றுவிட்டேன், எண்ணிப் பார்.
அவள் சிரித்தாளாம்.
தலையுறையைக் கழற்றி வாளிக்குள் போட்டுவிட்டு வந்துவிட்டாய்.
இப்போது தரிப்பிடத்தில் நிற்கிறாய்.
பஸ் இரண்டு மணிக்கு.
இரண்டாவது இரண்டு மணிக்கு.

எனக்கு ஒன்பது வயதில்
இங்கேயும் மணிக்கூட்டைத் தள்ளினார்கள்,
மின்சாரம் மிச்சம் பிடிக்க.
கொழும்பில் புது நேரம், வன்னியில் பழைய நேரம்.
நேரம் யாரோ ஆள்கிறவர்களின் சாமான் என்று
அன்றைக்கே தெரியும்.
ஆனால் அதை ஒருத்தி
குளிரில் நின்று திருப்பிக் கொடுத்ததை
இன்றுதான் பார்க்கிறேன்.

அந்த ஒரு மணியும் கதைத்தோம்.
காஸ் முடியப்போகிறது.
மேல்வீட்டுக் குழாய் எங்கள் கூரையில் சொட்டுகிறது.
கோணலாய் வெந்த பாணை உங்களுக்குச் சும்மா தருவார்கள்,
ஆனால் நீ இன்று எடுக்க மறந்துவிட்டாய்.
உனக்கு மூக்கொழுகியது.
கேத்திலை அடுப்பில் வைத்து
தண்ணீர் கொதிக்கிற சத்தத்துக்கு
கைப்பேசியைக் கிட்டப் பிடித்தேன்.
ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாய்.

"பஸ் வருது, வைக்கிறன்."

இங்கே ஏழரை. அங்கே இரண்டு.
கொப்பியை எடுத்தேன்.
சனிக்கு நேரே நான்கு, அது சரி.
கீழே ஒரு வரி விட்டு
இரண்டாந்தரம் வந்த அந்த ஒரு மணியை எழுதினேன்.
எந்தப் பக்கம் போடுவது?

நேற்றுவரை நமக்கிடையில் நாலரை மணித்தியாலம்.
இன்றிலிருந்து ஐந்தரை.
மிச்சம் பிடித்தது
அங்கேதான் போயிருக்கிறது.

கடையென்றால்
திரும்பக் கூட்டிப் பார் என்பார்கள்.